அழைப்பிதழில் அம்மா பெயர்

வெள்ளி, இரவு

பூச்சோங்கில் நான் வாங்கிய வீட்டின் புதுமனை புகுவிழா அழைப்பிதழின் மாதிரியை அச்சகத்து அண்ணன் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அழைப்பவர் இடத்தில் பெரியப்பா பெயர் இருந்தது. வீட்டுக் கடனில் கையெழுத்திட்ட நான் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து என்னைப் படிக்கவைத்த அம்மாவும் இல்லை.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா பேரு போடணும் பெரியப்பா."

"புருஷன் இல்லாதவ பேர போட்டா நல்ல காரியத்துக்கு யாரு வருவாங்க? அப்படி போட்டா நான் வரல லா."

"விட்டுடுடி, அவர் பேரே இருக்கட்டும்," என்றார் அம்மா.

 ஆனாலும் அம்மா பெயரை மட்டும் போட்டு அடிக்கச் சொல்லிவிட்டேன்.

முதல் அழைப்பிதழ் சாமிக்கு. இரண்டாவது பெரியப்பாவுக்கு. அவர் இருக்கும் கிள்ளானுக்கு நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன்.