கம்பி அவித்த தண்ணீர்

குமுளியில் கம்பம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்து லேத் பட்டறையில் ஒருவர் கம்பி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். சுர்ரென்ற சத்தம், பிறகு அந்த வாசனை. வரிசையாக ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவில், ஏலக்காயையும் மீறி அது மூக்கில் ஏறியது. பஸ் வந்து போனது, நான் ஏறவில்லை. நீ போன பிறகு எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசிவிட்டார்கள். எனக்கு உன்னிடம் பேச வேண்டும்.

உன் சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தக் கம்பிப் புகைதான் ஆளத் தின்னுருச்சு" என்றார் ஒருவர். நாலு பேர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் இரண்டு பேர் வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கம்பி உன் வீட்டுக்கு ஏன் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குறடு என் கையில்தான் இருந்தது.

பள்ளிவாசல் ஊருக்குப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் நீ ருசி பார்ப்பவன். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்ப வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து சிகரெட் பிடித்த நாக்கு அது. ஒருமுறை, இலை உலர்த்தும் டிரையர் ஒழுகிப் புகையேறிய தூளை நீ நல்ல தூள் என்று அனுப்பிவிட்டாய். சரக்கு திரும்பி வந்தது. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை நாலு கோப்பை வைப்பேன், புகையேறினது எதுவென்று சொல், இல்லாவிட்டால் இலை வாட்டும் மாடிக்குப் போ என்றார். ருசி மேசையை விட்டு இறங்குவது உனக்குச் சாவு மாதிரி.

அன்றைக்கே சிகரெட்டை விட்டாய். சாயங்காலமே மறுபடி பிடித்தாய். "கை சும்மா இருக்க மாட்டேங்குது மாப்ள" என்றாய்.

துபாயிலிருந்து வந்த உன் அத்தை மகன் ஒரு இ-சிகரெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது தடை இல்லை. அடியில் திரவம் நிற்கும் சின்னக் குப்பி, அதிலிருந்து மேலே வரும் திரி, திரியைச் சுற்றிக் கம்பிச்சுருள். பேட்டரிப் பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி, திரியில் ஏறிய திரவம் ஆவியாகும். அவன் பஞ்சுத் திரி போட்டிருந்தான். நீ ஒரே இழுப்பில் முகத்தைச் சுளித்தாய். "பஞ்சு கருகுற ருசிடா. சிகரெட்ட விட்டுட்டுத் தலகாணியக் குடிக்கிற மாதிரி இருக்கு."

அதனால்தான் எவர்சில்வர் கயிறு. மெல்லிய இழைகளை முறுக்கிய கயிறு; இழைகளுக்கு நடுவே திரவம் ஏறும். கருகாது, தனக்கென்று ருசியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் சமையலறையில் அதைத் துண்டு போட்டோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தாய், பிறகு வெறும் தண்ணீரில். அந்த வெறும் தண்ணீரை நீ கீழே ஊற்றவில்லை. வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, ஆற்றி, ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்பினாய்.

"மெஷின் எண்ணெய் இருக்கு. மறுபடி வை."

உன் மனைவி செல்வி வந்து எட்டிப் பார்த்தாள். "ஊர்ல அவளவள் புருசன் டீயக் குடிக்கிறான். என் புருசன் கம்பி அவிச்ச தண்ணியக் குடிக்கிறான்."

"குடிக்கலடி, துப்புறேன்."

"அதையும் நான் பாத்திரம் வெளக்குற தொட்டியிலதான துப்புற?"

அடுத்தது நெருப்பு. கேஸ் டார்ச்சில் கயிறு சிவக்கும், தண்ணீரில் முக்குவாய், மறுபடி சிவக்கும். வைக்கோல் நிறம் வந்தது, நீலம் வந்தது, கடைசியில் கருத்தது. அந்தக் கருத்த தோல்தான் சுருளையும் கயிற்றையும் பிரிக்கும். தோல் இல்லாவிட்டால் மின்சாரம் கயிற்றுக்குள் ஓடிவிடும். முதல் முறை அப்படித்தான் ஆனது. மேல் சுற்று மட்டும் வெள்ளையாக எரிய, மற்றவை செத்துக் கிடந்தன.

"இறுக்கிச் சுத்துற, தோல் உரியுது" என்றேன்.

"பத்திரிகைக்காரரு துப்பு துலக்கிட்டாருப்பா" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை மறுபடி சுட்டாய். இந்த முறை தளர்த்திச் சுற்றினாய். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே சிவப்பாகச் சுருள் கனிந்தது. திரவம் ஊற்றினாய். வாயில் வைத்தாய்.

அங்கேதான் கெட்டது. இத்தனை வருடத்துப் பழக்கம், தேயிலையை உறிஞ்சுகிற மாதிரியே சர்ரென்று உறிஞ்சினாய். ஆவியோடு கொதிக்கும் திரவமும் நாக்கில் தெறித்தது. நீ குதித்த குதியைப் பார்த்து நானும் செல்வியும் சிரித்தோம். பிறகுதான், விடிந்தால் திங்கட்கிழமை என்பது மூன்று பேருக்கும் உறைத்தது.

"ஏதாவது ஒரு கோப்பையக் கைகாட்டிட்டு வாடா. அடிச்சா அடிக்குது" என்றேன். நீ வீங்கிய நாக்கைத் தண்ணீர்க் கோப்பைக்குள் நீட்டிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் ருசி அறையில் நடந்ததை உன்னோடு இருந்த உதவியாளர் என்னிடம் சொன்னார். நீ கோப்பைகளைத் தொடவே இல்லையாம். "நாக்கு வெந்திருக்கு சார். இன்னைக்கு எனக்கு ருசி தெரியல. தெரியாததச் சொல்ல மாட்டேன். ஆறினப்புறம் வச்சுப் பாருங்க."

"அதெல்லாம் சாக்கு. மாடிக்குப் போ" என்றாராம் மேனேஜர்.

கெஞ்சாமல் போனாய். எல்லாரும் பார்க்க மாடிப்படி ஏறினாய்.

சாயங்காலம் நீ சிகரெட்டும் கையுமாக இருப்பாய் என்று நினைத்து வந்தேன். நீ டார்ச்சைப் பற்றவைத்துப் புதுக் கயிற்றைச் சுட்டுக்கொண்டிருந்தாய்.

"மேசைதான் போச்சே, இனி எதுக்கு இது?"

"மேசை அவனோடது. நாக்கு என்னோடதுடா."

பிறகு நீ சிகரெட்டைத் தொடவில்லை. தடை வந்து, திரவம் தீர்ந்ததும் இ-சிகரெட்டையும் பரணில் போட்டுவிட்டாய். அப்போதும் உனக்குக் கோபம்தான். "சிகரெட்ட விட எனக்கு உதவுனதத் தடுத்துட்டான். நான் விட்டது எல்லாப் பெட்டிக்கடையிலயும் தொங்குது" என்றாய். இ-சிகரெட் உடம்புக்கு நல்லது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை, நானும் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒருநாள் என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, "பால்ல ஃப்ரிட்ஜ் வாசம்" என்றாய். என் மனைவி முறைத்தாள். நீ மேசையில் இருந்த காலத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக உன்னைப் பார்த்ததில்லை.

நீ போனபோது, இதயம் நின்றது என்று டாக்டர் எழுதினார். எதனால் என்று எழுதவில்லை. காரியம் முடிந்த அன்று எங்கள் பத்திரிகை டெஸ்க்கிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, உங்க ஃப்ரெண்டுதானே? 'உயிரைக் குடித்த இ-சிகரெட்'னு ஒரு பெட்டிச் செய்தி. ரெண்டு பத்தி குடுங்கண்ணே."

"அவன் அத விட்டுப் பல வருசம் ஆச்சு. எதனால செத்தான்னு டாக்டருக்கே தெரியாது."

"அப்ப, 'என்று கூறப்படுகிறது'ன்னு முடிச்சிரலாம்ணே."

"யாரு கூறினது?"

"எல்லாரும் எழுதுறதுதானேண்ணே..."

"நான் எழுத மாட்டேன். நீயும் என் ஊர் பேரப் போட்டு எழுதாதே."

அவனுக்கு வருத்தம். ஆசிரியருக்கும் வருத்தம்தான், இரண்டு வாரமாக எனக்குப் பெரிய செய்தி எதையும் தரவில்லை. தராவிட்டால் போகட்டும். நீ மாடிப்படி ஏறிய நாளிலிருந்து, தெரியாத இடத்தில் ஒப்புக்கு ஒரு வார்த்தை போட்டு மூட எனக்குக் கை வரவில்லை. அங்கே தெரியாது என்றே எழுதுகிறேன். அதை வெட்டினால், செய்தியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.