குரங்கு தொங்கினாலும் தாங்கும் பாத்தி

மஸ்கட்

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

ஓட்டு விளிம்பில் மாட்டும் மழைப்பாத்தி பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்று கேட்டிருந்தீர்கள். அலுமினியமே வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் குற்றாலத்துக் குரங்கு ஒருநாள் தொங்கினால் போதும், கையோடு வந்துவிடும். முதல் மழைத் தண்ணீரை மட்டும் தொட்டிக்குள் விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

நேற்று இங்கே அபூர்வமாக மழை. விடுதி மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. நம்மூர்ப் பழக்கம் விடுமா? தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றேன். மாடியில் கிடந்த ஒரு வருஷத்துப் புழுதியும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டது. என் அறைத்தோழி, பாவூர்சத்திரத்துச் சங்கரேஸ்வரி, "ஏட்டி, பாலைவனத்தையே தலையில சுமந்துட்டு வருதியே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொரு சின்ன வேலை. சமையலறை ஜன்னலுக்கு மேலே மட்டும் பாத்தி போடாதீர்கள். அங்கே ஓட்டுத் தண்ணீர் விழும்போது எனக்குப் போன் போட்டு, அந்த ஜன்னலில் வைத்துவிடுங்கள். நீங்கள் பேசக்கூட வேண்டாம்.

டியூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள்
ஷாரோன்