நிறைஞ்சிருக்கு, சார்

6-11-1985, பெரம்பலூர்

எண் போட்டு எழுதினால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

1. அரியலூர் ஆலையின் கணிப்பொறிக்குள் வெளி சிஸ்டம் என்ற கட்டுப்பாட்டு நிரல் இரண்டு போலிக் கணிப்பொறிகளை ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் தானே முழு இயந்திரம் என்று நம்புகிறது. (கல்லூரியில் கணக்கு நடத்தியபோது நானும் அப்படித்தான்.)

2. அதில் ஒன்றுக்குக் கெர்னல் என்ற அடிப்படை நிரலை எழுதியவன் நான். அது எழுந்ததும் தன் நினைவகத்தை அளக்கிறது. கொடுத்தது இரண்டு மெகாபைட், பதினாறு என்கிறது. பிறகு இல்லாத இடத்தில் கால் வைத்து விழுகிறது.

3. தவறு ஆபரேட்டர் சம்பூர்ணத்துடையது. அளவை மாற்றிக் கொடுத்திருப்பாள்.

ஆலை மேனேஜர் ராசாங்கம் கேட்டார்: "உங்க கர்னல் இன்னைக்காவது எந்திரிச்சாரா சார்?" பட்டாளத்துக்காரர் என்றே நினைக்கிறார். "வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா அந்த ஆபரேட்டர் பொண்ணைப் பழையபடி டைப் அடிக்க அனுப்பிடலாம்." தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

7-11-1985

காலையில் தபாலாபீசிலிருந்து ஆலைக்குப் போன் செய்தேன். "சம்பூர்ணம், வெளி சிஸ்டம் திரையில பாரும்மா. நம்ம பங்குல ரெண்டுக்கு மேல இடம் இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு, சார்."

ஆக, கெர்னல் அளந்தது சரி. அவள்தான் இல்லாத இடத்தையும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் எண் உறுதி. நாளை மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

8-11-1985, காலை

என் மனைவி பூங்காவனம் அடுக்களையிலிருந்து, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கியாங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன்.

நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும்?

திரும்பி வந்து கேட்டேன். "நிறைஞ்சிருக்குன்னா தீந்துபோச்சுன்னுதானே அர்த்தம்?"

"வெளக்கு வச்ச வூட்டுல 'இல்லே'ன்னா சொல்லுவாங்க? இத்தனை வருசமா பையத் தூக்கிட்டுப் போனீங்களே, என்னன்னு நெனச்சுப் போனீங்க?"

பையோடு அரியலூர் பஸ் ஏறிவிட்டேன்.

அன்றே, இரவு

நேற்றைய 'நிறைஞ்சிருக்கு'க்கும் இல்லை என்பதுதான் அர்த்தமா என்று கேட்டேன். சம்பூர்ணம் மறுக்கவில்லை. "ஆமாங்க சார், ஒண்ணுமே இல்லதான். காலைல மொத போனு. எடுத்ததும் இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

அவள் கொடுத்த அளவு சரியாக இரண்டுதான். என் கெர்னல் பதினாறு மெகாபைட் வரை ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்க்கும். மறுப்பு வந்தால் அதுதான் எல்லை. வெளி சிஸ்டமோ மறுப்பதே இல்லை. இல்லாத இடத்துக்கும் ஒரு சைபரைப் பதிலாகக் கொடுத்து அனுப்புகிறது. அதற்கும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை போலும்.

தட்டுவதை எடுத்துவிட்டு, எவ்வளவு என்று அதனிடமே நேராகக் கேட்கும்படி மாற்றினேன். இரண்டு என்றது. எழுந்தது. விழவில்லை.

"கர்னல் நிக்கிறாரே சார்" என்றார் ராசாங்கம். "அப்ப தப்பு யாருது?"

"என்னுது. பொண்ணு மேல ஒண்ணும் நிறை... ஒண்ணும் இல்லீங்க."

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளையும் அவள் அந்த நாற்காலியில்தான்.

வீடு வந்ததும் பூங்காவனம் பையை வாங்கி உதறினாள். "அரிசி எங்க?"

"நிறைஞ்சிருக்கு" என்றேன்.

ராத்திரிக்கு உப்புமா.

மூன்றாம் எண் தவறு.