இடதுபக்கத்து ஸ்பீக்கர்

என்னங்க,

வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஹோம் தியேட்டர் ரிசீவரை மறுபடி கழற்றிக்கொண்டு உட்காராதீர்கள். டிவியிலிருந்து அதற்கு வரும் ஆப்டிகல் ஒயர் சரியாகத்தான் சொருகியிருக்கிறது, டிவி செட்டிங்கும் சரி. "பின்னால இடதுபக்கம் சத்தமே வரல, பெருக்கும்போது நீதான் ஒயர இழுத்து விட்டுட்ட" என்று நேற்று எரிந்து விழுந்தீர்கள். நீங்கள் குளிக்கப் போனபோது பின்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரையும் ஒன்றின் இடத்தில் மற்றதாக மாற்றி வைத்தேன். வந்து உட்கார்ந்து, அப்போதும் இடதுபக்கம்தான் செத்துப்போச்சு என்றீர்கள். நீங்கள் எழுந்தபிறகு அதே இடத்தில் நான் உட்கார்ந்து கேட்டேன். இரண்டும் கணீரென்று பாடுகின்றன.

காது டாக்டர் என்று வாயெடுத்தாலே சண்டை. இனி சொல்லமாட்டேன்.

பி.கு.: சோபாவில் இனி உங்கள் வலதுபக்கம் உட்காருகிறேன். இத்தனை நாளும் இடதுபக்கம் உட்கார்ந்துதான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.