ஒழுகாத பன்னிரண்டு இணைப்புகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இது வழக்கத்துக்காக எழுதும் நலம் இல்லை, நிஜமாகவே நலம். போன நான்கு கடிதங்களில் எழுதியதுதான் பொய்.

பதறாமல் படி. எங்கள் அச்சகத்தை மூடி ஐந்து மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் பிழை திருத்தியவனை வேறெங்கும் சீந்துவாரில்லை. படிப்பைப் போட்டுவிட்டு நீ ஓடிவந்துவிடுவாயோ என்று உனக்கு எழுதவில்லை. அம்மாவிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய்வந்தேன். செப்புக் குழாய்களைச் சால்டர் என்ற பற்றுக்கம்பியை உருக்கி இணைக்கும் வேலை கற்றுக்கொள்ள.

மூன்றாவது வாரமே குட்டு உடைந்தது. என் கட்டைவிரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "பிழை திருத்தினா விரல் பொசுங்குமாங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டப்பாவோடு தீப்புண் மருந்தும் இருந்தது.

சொல்லிக்கொடுப்பவள் உன் வயதுப் பெண். குழாய் முனையைப் பளபளவென்று தேய்த்து, பசை தடவி, இணைப்பில் செருகிச் சூடாக்க வேண்டும். நானோ கருகிவிடுமோ என்று பயந்து, குழாய் சூடேறுமுன்பே நெருப்பைத் திருப்பிச் சால்டர் கம்பிக்குக் காட்டிவிடுவேன். அது உருகித் தரையில் சொட்டும். "சார், கம்பிய விடுங்க, குழாயச் சூடாக்குங்க. அது சூடானா கம்பி தானா உருகி உள்ள ஓடும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். முதல் தேர்வில் பன்னிரண்டு இணைப்புகளில் ஐந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்தன. இருவருமே தொப்பலாக நனைந்தோம்.

நேற்று மறுதேர்வு. இதிலும் தவறினால் வேறு வாய்ப்பு இல்லை. குழாய்களில் நீரேற்றி அழுத்தம் கொடுத்தார்கள். கால் மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. அந்தப் பெண் ஒவ்வொரு இணைப்பிலும் காகிதத்தை ஒற்றிப் பார்த்தாள். ஏழாவதில் காகிதம் நனைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். "உங்க வேர்வை சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பன்னிரண்டும் ஒழுகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில், என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "சமையலறைக் குழாய் ஒரு மாசமா சொட்டுது, இனிமே உங்க பாடு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயிற்சிக்கூடம் மூலமாகவே, திங்கட்கிழமை முதல் ஒரு மருத்துவமனையில் எனக்குக் குழாய்ப் பராமரிப்பு வேலை.

இன்னொன்று. உன் பரீட்சை முடிவு வர வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. கடைசி மூன்று கடிதங்களிலும் மழையையும் குளிரையும் தவிர நீ எதையும் எழுதவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள், நான்தான் தள்ளிப்போட்டேன். எதுவாக இருந்தாலும் எழுது, கண்ணு. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன். முதலில் வயிறாரச் சாப்பிடு, பிறகு எழுது. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா