பதினோராவது பெயர்

மார்ச் 5, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதலில் நகம் வெட்டினேன். பத்து விரலும் ஒட்ட.

நாளை லெந்து நோன்புக் காலம் தொடங்குகிறது. சர்க்கரையை விடுவது, இறைச்சியை விடுவது எல்லாம் போன வருஷங்களில் செய்து பார்த்தாயிற்று. இந்த முறை எங்கள் சபை அன்னையர் சங்கத்தின் ஆஸ்பத்திரிப் பட்டியலில் பெயர் கொடுத்தேன். செவ்வாய், வியாழன், சனி. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம். நர்ஸுகள் ஊசி போடுவார்கள், மாத்திரை கொடுப்பார்கள். குளிப்பாட்டுவது, துவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் கூட இருக்கிறவர்கள் பாடு. கூட யாரும் இல்லாதவர்களுக்கு நாங்கள்.

எனக்கு ஒன்பதாம் படுக்கை. ஒரு அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயர் தெரியாது.

பெயர் தெரியாததுகூடப் பரவாயில்லை. எங்கள் பக்கம் ஒவ்வொருவருக்கும் வீட்டார் வைக்கிற செல்லப்பெயர் தெரியவில்லையே. அது இல்லாமல் ஒரு மனுஷிக்கு எப்படி வணக்கம் சொல்வது? வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன், துணியை நனைத்தேன்.

மார்ச் 7, வியாழன்

வார்டு சிஸ்டர் அமோட்டி ஒரு வழி சொன்னாள்.

“ஒவ்வொண்ணா சொல்லிப் பாரு அட்யேரி. ராஜாவோடதை விட்டா செல்லப்பேரு மொத்தம் பதினொண்ணுதானே, எல்லாருக்கும் அதுல ஒண்ணுதானே? தன் பேரைக் கேட்டா கண்ணாவது அசையாதா?”

இன்று நான்கு சொன்னேன். அக்கீக்கி, அட்வோக்கி, அட்டேன்யி, என்னுடைய அட்யேரி. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

குதிகால் வெடிப்புகளில் தேயிலைத் தோட்டங்களில் ஒட்டுகிற செம்மண். எத்தனை வருஷத்து மண்ணோ. ஊறவைத்துத் தேய்த்தேன். துவைத்த துணிகளை ஆஸ்பத்திரிப் புல்லில் விரித்துவிட்டுத் திரும்பும்போது பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். வாயில்காவலர் சொல்லித்தான் தெரிந்தது.

“என்ன டீச்சர், கல்யாண வீட்டுக்கா போயிட்டு வரீங்க?”

சந்தோஷமாக இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

காலையில் பிளாஸ்கில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அராலி கதவோரம் நின்று பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். இன்றும் உயர்த்தவில்லை.

“எங்கம்மாவுக்கு முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டே செஞ்ச. யாரோ ஒருத்திக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு போற.”

பிளாஸ்கை இறுக மூடினேன். அவர் சொன்னது உண்மைதானே.

அத்தை ஆறு வருஷம் பின்னறையில் படுத்திருந்தார். ஒரு நாள்கூடக் குளிப்பாட்டாமல் விட்டதில்லை. ஒரு நாள்கூடச் சந்தோஷமாகச் செய்ததும் இல்லை. தண்ணீர் சூடு, தண்ணீர் ஜில், கஞ்சி கெட்டி, கஞ்சி நீர்த்துப்போச்சு. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அறை பூட்டியே கிடக்கிறது.

பொறுமை கொடும் ஆண்டவரே என்று தினமும் ஜெபித்தேன். சந்தோஷம் கொடும் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

மார்ச் 16, சனி

ஒன்பதாம் படுக்கைக்காரர் குறை சொல்வதில்லை. அவருக்குப் பேச்சு இல்லை. அதனால்தான் எனக்குச் சந்தோஷமா? அப்படியென்றால் இது எந்த வகை ஊழியம்?

மார்ச் 19, செவ்வாய்

பத்துப் பெயர் சொல்லியாயிற்று. ஒன்றுக்கும் அசையவில்லை.

பதினோராவது அப்வோலி. அத்தையின் பெயர். நாக்கு வரை வந்தது. நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நேரம் ஆகவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

மார்ச் 21, வியாழன்

பேசிவிட்டார்!

முதுகில் துணியை வைத்தேன். குழறலாக ஆரம்பித்து, பிறகு தெளிவாகவே –

“தண்ணி ஜில்லுங்குது. ஆளைக் கொல்லவா பாக்குற?”

தெற்கத்திப் பேச்சு. பத்தாம் படுக்கையில் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் தெற்கே கபாலே பக்கத்துக்காரி. கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

“அட, நம்ம ஊரு! டீச்சரம்மா, ரெண்டு வாரமா அந்தம்மா காதுல பேரு பேரா ஓதினீங்களே, எங்க பக்கம் செல்லப்பேரு வைக்கிற வழக்கமே கிடையாதே! யாரைக் கூப்பிடறீங்கன்னு பாவம் அவங்களும் பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க!”

வார்டே சிரித்தது. எங்களுக்கு இருந்தால் உலகத்துக்கே இருக்கும் என்று நினைத்திருக்கிறோம், நானும் அமோட்டியும்.

ஆனால் எனக்கு முதலில் கேட்டது அந்த வார்த்தைகள்தான். அத்தையின் வார்த்தைகள், கிட்டத்தட்ட அப்படியே. முகம் இறுகும் என்று காத்திருந்தேன். பழகிய முகம், அதற்கு வழி தெரியும். இறுகவில்லை. சிரிப்பு வந்தது. வெந்நீர் வாங்கப் போனேன்.

மார்ச் 23, சனி

பெயர் கொபுசிங்யே. முப்பது வருஷம் முன்னால் தேயிலை பறிக்க வந்தவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தோட்டத்து அறையில் இப்போது வேறு ஆட்கள் குடியிருக்கிறார்களாம். சொந்தக்காரர் யாராவது வரட்டும் என்று தெற்கத்திப் பேச்சில் வானொலியில் அறிவிக்க ஏற்பாடு செய்தோம்.

கஞ்சியில் உப்பு இல்லை என்றார். இல்லைதான்.

மார்ச் 26, செவ்வாய்

யாரும் வரவில்லை.

அமோட்டி என்னை வெளியே கூப்பிட்டாள். “வெள்ளிக்கிழமை டாக்டர் இவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. கட்டில் வேணும். எந்த வீட்டுக்குன்னு அவரு கேக்க மாட்டாரு, அட்யேரி.”

சங்கத்தில் சொன்னேன். எல்லோரும் உருகி ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தபோது ஒவ்வொருவரும் கிளம்புவதற்குக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

மார்ச் 28, வியாழன்

கொபுசிங்யேவுக்கு வெள்ளிக்கிழமை பற்றித் தெரிந்திருக்கிறது. குளிப்பாட்டும்போது, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டார். “அந்தப் பேருங்கள்ல ஒண்ணு நான் ஒத்துக்கிட்டிருந்தா, உங்க ஆளாயிருப்பேனா?”

கிண்டலா, கேள்வியா, தெரியவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

மாலையில் பின்னறைச் சாவியைத் தேடி எடுத்தேன். பெருக்கினேன். ஜன்னலைத் திறந்தேன்.

“எதுக்கு இப்ப?” என்றார் அராலி.

“காத்து வரட்டும்னு.”

அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு திறந்த ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கம் செல்லப்பெயரை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளையை யாரும் கேட்பதில்லை. கொபுசிங்யேவைக் கேட்க வேண்டும்.

குறை சொல்வார். தண்ணீரைப் பற்றி, கஞ்சியைப் பற்றி. எத்தனை வருஷமோ. ஒரு மணி நேரத்தில் எழுந்து வர முடியாது. இந்தச் சந்தோஷம் அப்போதும் இருக்குமா? தெரியாது. இந்த முறை அதையும் சேர்த்துக் கேட்டு ஜெபித்தேன்.

அராலியிடம் இன்னும் சொல்லவில்லை. அமோட்டியிடமும் இல்லை. நாளை முதலில் கொபுசிங்யேவுக்கு முறைப்படி வணக்கம் சொல்வேன். நான் விட்டுவைத்த அந்தப் பதினோராவது பெயரைச் சொல்லி.