நீ கேட்ட கம்பெனியை மூடுகிறேன், ஜெரால்டு

என் செல்லச் சண்டைக்காரத் தம்பிக்கு,

நேற்று துவாஸ் தொழிற்பேட்டையில் ஒருவனை அறைந்தேன். அவன் மூக்கில் ரத்தம் வந்தது. என் உள்ளங்கை இன்னும் எரிகிறது. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறான், கொடுக்கட்டும். அவன் யாரென்று கேட்கிறாயா? நம்முடைய முதல் வாடிக்கையாளர்தான்.

தேக்கா சந்தையில், தே தாரிக் தேநீர் ஆறிப்போகும் வரை நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த தொழிலாளிகள் வேலையிடத்து ஆபத்தைப் படம் எடுத்து, அதிகாரிகளுக்குத் தமிழிலேயே புகார் அனுப்ப ஓர் ஆப் செய்திருந்தோம். லாபம் வேண்டாம், சேவை அமைப்பாகப் பதிவு செய்வோம் என்றேன் நான். நீ மேசையைக் குத்தினாய்.

“நன்கொடைக்குக் கையேந்துனா ரெண்டே வருஷத்துல மூடிடுவோம்க்கா. கம்பெனியா போடு லா. சும்மா கொடுத்தா எவனும் மதிக்க மாட்டான்.”

உன்னை மடையன் என்று திட்டிவிட்டு எழுந்து போனேன். அதே வாரம், நீ வேலை பார்த்த கப்பல் பட்டறையில் சங்கிலி அறுந்து உன் மார்பில் விழுந்தது. அது தேய்ந்து கிடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை போய்விடும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

செத்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? உன் முப்பதாம் நாள் பூசையன்று, கம்பெனிப் பதிவுத் தாளை உன் படத்தின் முன்னால் வைத்தேன். “தம்பி ஆசைப்பட்டதைச் செஞ்சுட்டே” என்று அம்மா என் தலையைத் தடவினார்.

பிறகு நம் முதல் வாடிக்கையாளராக அந்தத் துவாஸ் ஒப்பந்தக்காரர் வந்தார். சந்தா கட்டுகிறேன், ஆனால் என் ஆட்கள் அனுப்பும் புகார் முதலில் எனக்கு வர வேண்டும், பெயரோடு, என்றார். உன் குரல்தான் காதில் கேட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவரிடம் வேலை பார்க்கும் கதிரேசன் என்ற கடலூர்க்காரர், வெட்டும் இயந்திரத்தில் தடுப்பு கழன்றிருப்பதைப் படம் எடுத்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் மேற்பார்வையாளன் இரும்புக் குழாயோடு வந்து அவர் தாடையை உடைத்தான். பல் தெறித்த பிறகும் அடித்திருக்கிறான். குழாயை ஓங்கியது அவன், பெயரைக் கொடுத்தது நான்.

மருத்துவமனையில் கதிரேசனால் பேச முடியவில்லை. கைபேசியில் தட்டிக் காட்டினார்: “அக்கா, அந்த மெஷின் இன்னும் ஓடுதா? என் இடத்துல யார் நிக்கிறாங்க?”

நேரே துவாஸுக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, தடுப்பில்லாமல், வேறொரு ஆளை வைத்து. ஒப்பந்தக்காரர் சிரித்தார். “சின்ன விஷயம் லா. உங்க ஆப் நல்லா வேலை செய்யுது, மேடம்.”

அப்போதுதான் அறைந்தேன். வெளியே வந்து அந்தப் படத்தை அதிகாரிகளுக்கு அனுப்பினேன். இன்று காலை இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை கம்பெனியை மூடுகிறேன், ஜெரால்டு. சேவை அமைப்பாக மறுபடி தொடங்குவேன். நம் பங்குக் கோயில் வாசலில் நின்று கையேந்துவேன். நீ சொன்னபடி இரண்டே வருஷத்தில் மூட நேர்ந்தாலும், அந்த இரண்டு வருஷமும் ஒரு தொழிலாளியின் பெயரும் முதலாளி கைக்குப் போகாது. இது சத்தியம்.

கோபம் வருகிறதா? அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரே ஒருவர் பயமில்லாமல் சொல்லியிருந்தால், இந்தச் சண்டையைத் தேக்காவில் உன் எதிரே உட்கார்ந்தே போட்டிருப்பேனேடா.

செத்துவிட்டாய் என்பதற்காக இனி உனக்கு விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா ரோஸி